பட்டை இல்லாத மாலை

இதழினிக்குப் பேச்சு வராது. நினைப்பதையெல்லாம் அவள் கழுத்தில் கட்டிய கருவிப்பட்டை குரலாகச் சொல்லிவிடும். பள்ளியில் சிறப்பாசிரியை ரெஜினா அவள் முன்னேற்றத்தைப் பாராட்டியதும் அம்மா செண்பகத்துக்கு அழுகை வந்துவிட்டது.

“புள்ள பேசுதேன்னு சந்தோஷப்படாம...” என்றான் கணவன் மருதையன்.

“முன்னெல்லாம் கையப் பிடிச்சு இழுப்பா, டீச்சர். தண்ணியா, பொம்மையான்னு நான் ஒவ்வொண்ணா கேப்பேன். இப்ப எல்லாத்தையும் பட்டையே சொல்லிடுது, கிட்டயே வர்றதில்ல” என்றாள் செண்பகம்.

“பள்ளிக்கூடத்துக்குப் பட்டை வேணும்மா. வீட்டுல கொஞ்ச நேரம் கழட்டித்தான் பாருங்களேன்” என்றாள் ரெஜினா.

அன்று மாலை செண்பகம் பட்டையைக் கழற்றினாள். குழந்தை திகைத்து நின்றது. பிறகு மெல்ல வந்து அம்மாவின் விரலைப் பற்றி ஜன்னலுக்கு இழுத்தது.

“காக்காவா? மழையா? ஐஸ் வண்டியா?”

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி மறுத்துவிட்டு, இன்னும் கேள் என்பதுபோல விரலைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள் இதழினி. அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை, அம்மா கேட்டுக்கொண்டே இருந்தால் போதும்.