சாத்திய சமையலறை

பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன அவருக்கு, வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் மேல் சந்தேகம். பயிற்சி முடிந்ததும் அந்த வாலிபன் கிளம்பாமல் சமையலறைக்குப் போவான். மனைவி கதவைச் சாத்திக்கொள்வாள்.

“அங்க என்ன ரகசியம்?”

“எல்லாம் உங்க உடம்பைப் பத்திதான்.”

இன்று சக்கர நாற்காலியை மெல்ல உருட்டிப் போய்க் கதவில் காதை வைத்தார்.

“மெதுவாப்பா, உயிர் போகுது!” மனைவியின் குரல்.

“அவரைத் தூக்கித் தூக்கியே உங்க தோள்பட்டை போயிடுச்சும்மா. சார்கிட்ட நானே சொல்லிடறேன்.”

“ஐயோ, வேணாம். தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுடுவார்.”

சத்தமில்லாமல் திரும்பினார்.

மாலையில் கட்டிலிலிருந்து தூக்க அவள் குனிந்ததும், “தள்ளு!” என்று அதட்டினார். கட்டில் சட்டத்தைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தானே எழுந்து நின்றார். கால் வெடவெடத்தது.

“பிடிச்சுக்கவா?” என்றாள் பதறி.

“வேணாம். பக்கத்துல மட்டும் நில்லு.”