காவேரி வீட்டுப் பூனை

"ஏம்மா காவேரி! உன் பூனை இன்னைக்கும் அதே எடத்துல வேலையக் காட்டிட்டுப் போயிருக்கு. வந்து பாரு!"

பொன்னுவேல் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ரோஜாப் பாத்திக்குப் பத்தடி தள்ளி நின்று கத்தினார். அதற்குமேல் கிட்டே போனால் அவருக்குக் குடலைப் பிரட்டும்.

பக்கத்து வீட்டிலிருந்து காவேரி முறத்தோடு ஓடி வந்தாள். எஸ்டேட் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் கூப்பிட்ட குரலுக்கு வந்துவிடுவாள்.

"தப்புதானுங்கய்யா. நீங்க உள்ள போங்க, நான் சுத்தமா எடுத்துடறேன்."

பாத்தியைச் சுற்றிப் பதித்த கல்லின் மேல் கிடந்ததைப் பொட்டு விடாமல் முறத்தில் எடுத்துக்கொண்டு போனாள். பொன்னுவேலுக்குக் கோபத்திலும் ஒரு திருப்தி. சேலத்தில் முப்பது வருஷம் ஹெட்கிளார்க்காக இருந்தவர். அங்கே ஒரு பியூன்கூட அவர் சொல்லுக்கு இப்படி ஓடி வந்ததில்லை. ஓய்வு பெற்று ஏற்காட்டுக்குக் குடிவந்த ஆறே மாதத்தில் அந்தக் குறை தீர்ந்துவிட்டது.

"பாத்தியா மல்லிகா? நாம கண்டிப்பா இருந்தா ஜனங்க ஒழுங்கா இருப்பாங்க."

"அவ ஒழுங்காத்தான் இருக்கா. பூனை இருக்குதா?" என்றாள் மனைவி. "ஞாயித்துக்கெழம நம்ம ஞானசுந்தரியப் பொண்ணு பாக்க வராங்க. மாப்பிள்ளையோட அப்பா நொம்ப சுத்தம் பாக்கறவராம். தோட்டத்தப் பாக்கறேன்னு எறங்கி, அதை மிதிச்சுத் தொலைச்சாருன்னா?"

பொன்னுவேல் ரோஜாப் பாத்தியைத் திரும்பிப் பார்த்தார். மூன்று இடம் தட்டிப்போன பிறகு மகளுக்கு வந்திருக்கும் நல்ல வரன் இது. போயும் போயும் ஒரு பூனையால் கெட வேண்டுமா?

ஐப்பசியில் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கியதிலிருந்து இந்தத் தொல்லை. ஆரஞ்சுத் தோலைப் போட்டுப் பார்த்தார். மிளகுத் தூள் தூவினார், தும்மியது அவர்தான். எலுமிச்சை முள்ளை வெட்டிப் பரப்பினார். குத்தியதும் அவர் காலில்தான். கடைசியில், ஊரில் நாய்க்கு வைப்பதுபோலச் சொட்டு நீலம் கலந்த தண்ணீர் பாட்டில்களை வரிசையாக நிறுத்தினார். அதற்கு மட்டும் பூனை கொஞ்சம் மரியாதை கொடுத்தது. தினமும் வந்துகொண்டிருந்தது இரண்டு நாளைக்கு ஒருமுறை என்று ஆனது.

"இந்தப் பலா மரத்துக் கெளை எஸ்டேட் பக்கம் சாஞ்சிருக்குதில்ல, அது வழியாத்தான் உன் பூனை எறங்குது" என்று காவேரியிடம் சொன்னார். "திங்கக்கெழம ஆள் வெச்சு வெட்டப்போறேன்."

காவேரியின் முகம் சுண்டிப்போனது. "கெளை என்னங்க பண்ணுச்சு? நான்தான் தெனமும் வந்து எடுத்துடறேனில்லீங்க?"

மறுநாள் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து மல்லிகாவிடம் நீட்டினாள். "நம்மூட்ல வறுத்து அரைச்ச காப்பிப் பொடிங்கம்மா. உங்களுக்கும் ஒரு பங்கு தரோணுமில்லீங்களா? வர்றவங்களுக்குப் போட்டுக் குடுங்க."

"பூனைக்காக லஞ்சம்!" என்று சிரித்தார் பொன்னுவேல். ஆனால் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே காவேரி வந்து பாத்தியைத் துடைத்துவிட்டதுபோல ஆக்கியிருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா செல்லப்பன் வந்தார். நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். டம்ளரைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார். மல்லிகாவுக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் ஒரு மடக்குக் குடித்தார்.

"ஏனுங்க, இது என்ன காப்பிங்க! கசப்பே இல்லாம இப்படியொரு வாசம்! இன்னொரு டம்ளர் கெடைக்குமுங்களா?"

இரண்டாவது டம்ளர் காலியானபோது சம்பந்தம் முடிவாகிவிட்டது.

"தை மாசமே முகூர்த்தம் வெச்சுக்கலாமுங்க" என்றார் செல்லப்பன். "சீர் செனத்தி ஒண்ணும் கேக்க மாட்டேன். கல்யாணப் பந்திக்கு இதே காப்பிதான் வேணும். பொடி ரெண்டு கிலோ ஏற்பாடு பண்ணிடுங்க."

"ரெண்டென்னங்க, மூணாவே பண்ணிடறேன்!" என்ற பொன்னுவேலும் அந்தச் சந்தோஷத்தில் மூன்று டம்ளர் குடித்தார்.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு நேராகக் காவேரி வீட்டுக்குப் போனார். அந்த வாசலில் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. காவேரியும் அவள் புருஷன் மாதையனும் பதறி எழுந்தார்கள்.

"உக்காருங்க, உக்காருங்க. காவேரி, உன் பூனைய நான் மன்னிச்சுட்டேன். கெளையையும் வெட்டல. எம்பொண்ணு கல்யாணமே உன் பொடியாலதான் கூடிவந்திருக்கு. எந்தக் கடையில கொட்டை வாங்கினே? எனக்கு மூணு கிலோ வேணும்."

மாதையன் விழித்தான். "பூனைங்களா? நம்மூட்ல ஏதுங்க பூனை?"

காவேரி தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்தில் இருந்த முறத்தை முன்னால் நகர்த்தினாள். தினமும் அவர் தோட்டத்துக்கு வரும் அதே முறம். கழுவிய காப்பிக் கொட்டை அதில் வெயிலுக்குக் காய்ந்துகொண்டிருந்தது.

"இது கடையில கெடைக்காதுங்கய்யா. மரநாய் நல்ல காப்பிப் பழமாப் பாத்துத் தின்னுட்டு, கொட்டைய முழுசா உங்க ரோஜாப் பாத்திக் கல்லு மேலதான் போட்டுட்டுப் போகுது. அந்த நீலத் தண்ணி பாட்டல மட்டும் எடுத்துட்டீங்கன்னா, தைக்குள்ள மூணு கிலோ சேந்துடுமுங்க."