லண்டன்காரிக்குக் காவல்

கணவன் நிமலனோடு படித்த ஷாமினி லண்டனிலிருந்து ஒஸ்லோ பார்க்க வருகிறாள் என்றதும் சுகந்திக்குப் பொறுக்கவில்லை. அவன் இரண்டு நாள் லீவும் எடுத்துவிட்டான்.

“நீர் வழக்கம்போல வீட்டில நில்லும். நான் அவளைக் கூட்டிக்கொண்டு திரியிறன்.”

“ஏன்? நானும் வாறன்!”

டிராமில் சுகந்தி இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். ஆட்கள் ஏறி நடக்கும் ஒபரா மாளிகையின் சரிவான கூரையில் ஷாமினி வழுக்கியபோது, நிமலனை முந்திக்கொண்டு தானே அவள் கையைப் பிடித்தாள். தீவுக்குப் போன படகில் ஷாமினி சிரிக்கச் சிரிக்க இவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் கடற்காற்று முகத்தில் அடித்தபோது, தன்னை மறந்து தானும் சிரித்துவிட்டாள்.

விமான நிலையத்துக்கு ரயில் ஏறும்முன் ஷாமினி அவளைக் கட்டிக்கொண்டாள்.

“ஒஸ்லோ பிடிச்சுதோ?” சுகந்தி ஒப்புக்குக் கேட்டாள்.

“நான் வேலை விஷயமா வருஷா வருஷம் இஞ்சை வாறனான். இதெல்லாம் எப்பவோ பாத்திட்டன். உங்கட அம்மா தவறிப்போன பிறகு நீங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடுறதே இல்லையாம். நான் வந்தால் நீங்களும் பின்னால வருவீங்கள் எண்டு நிமலன்தான் கூப்பிட்டவன்.”

சுகந்திக்குக் கண் கலங்கியது. ரயில் போகும்வரை கையசைத்தாள். பிறகு நிமலனைத் திரும்பிப் பார்த்து முறைத்தாள்.

“இவ்வளவும் அவளோட எப்ப கதைச்சனீங்கள்?”