சின்ன அலைக்குக் குட்டைப் பலகை

“இது மேல மல்லாக்கப் படுக்கலாமா சார்?”

அம்மாக்கண்ணு கேட்டதும் குமரேசனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“படுக்கிறதுக்குக் கயித்துக் கட்டில் வாங்கிக்கம்மா. இது துடுப்புப் பலகை. இது மேல நிக்கணும். நின்னுக்கினே துடுப்பு போடணும்.”

ஜமுனாமரத்தூர் ஏரிக்கரையில் பலகைகள் வரிசையாகக் கிடந்தன. நீலத்துளி அறக்கட்டளை என்று சென்னையில் ஓர் அமைப்பு. மலை மக்களிடம் நீர் விளையாட்டை வளர்த்தே தீருவது என்று திடீரென்று அது முடிவு கட்டிவிட்டது. ஊருக்கு ஒரு பலகை இலவசம். தீபாவளிக்குள் அதை ஓட்டும் படம் ஒன்றை அனுப்ப வேண்டும். இல்லையென்றால் பலகை திரும்பிப் போய்விடும். அறக்கட்டளை இதழின் அட்டைப்படத்துக்கு ஆகிற மாதிரி ஒரு படம் சிக்கினால், பலகை கொடுக்க வந்த குமரேசனின் வேலை நிரந்தரம் என்று மேலிடம் சொல்லியிருந்தது.

குமரேசன் திருப்பத்தூர்க்காரன். போன தை மாதம் பயிற்சிக்குப் போனபோதுதான் கடலையே முதன்முதலாகப் பார்த்தான். அதற்குள் அலையிலேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி பேசப் பழகிவிட்டான்.

“உங்களுக்கு இந்த நீளப் பலகைதான் சரி. ஏரித் தண்ணி அசையாது. இதுல ஏறினா கொழந்தகூட நிக்கும். படமும் ஜோரா வரும்.”

அம்மாக்கண்ணுவின் மகன் அர்ச்சுனன் நீளப் பலகையைத் தூக்கித் தோளில் வைத்து, இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தான். பின்னால் நின்ற குமரேசன் சட்டென்று குனிந்து தன் தலையைக் காப்பாற்றிக்கொண்டான்.

“நீட்டு ஜாஸ்திம்மா. வளைவுல திரும்பாது.”

“அப்ப அந்தக் குட்டைய எடு.”

“ஐயய்யே, அது கடலுக்கும்மா. சின்ன அலையில சட்டு சட்டுனு திருப்பறதுக்கு. அதான் நீளம் கம்மி, அகலம் ஜாஸ்தி. உங்க மலையில ஏதும்மா அலை?”

“மழைக்கு வரும் சார்” என்றான் அர்ச்சுனன்.

“வரும் வரும். வங்காள விரிகுடா பஸ் புடிச்சி போளூர்ல எறங்கி, மலையேறி வரும்!” தன் நகைச்சுவைக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தான் குமரேசன்.

அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கரையில் கிடந்த குட்டைப் பலகையின் மேல் மல்லாக்கப் படுத்தாள். இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் கோத்துக்கொண்டாள்.

“காலு வெளிய போவல. அகலமும் போதும்டா” என்று மகனிடம் சொன்னாள்.

குமரேசனுக்கு இது போதாதா? படக்கென்று போனில் படம் எடுத்தான். ‘மலையில் முதல் பயிற்சி’ என்று எழுதி அலுவலகக் குழுவில் போட்டான். சிரிப்புப் பொம்மைகள் மளமளவென்று வந்து விழுந்தன.

“எவ்ளோ வெயிட்டு தாங்கும் சார்?” படுத்தபடியே கேட்டாள் அம்மாக்கண்ணு.

“ஒரு ஆளு.”

“ஒன்னரை ஆளு தாங்குமா?”

“ஒன்னரையா? இன்னாம்மா, இது டவுன் பஸ்ஸா, அரை டிக்கெட் ஏத்தறதுக்கு?”

“தாங்குமா, தாங்காதா? அதச் சொல்லுங்க.”

“தாங்கும், தாங்கும்.”

“ஓரத்துல கயிறு கட்டிக்கலாங்களா?” இது அர்ச்சுனன்.

“ஊஞ்சலே கட்டிக்கோ. ஆனா எனக்கு நிக்கிற படம் வரணும். படுத்துக்கினு இருக்கிற படம் வந்துது, வண்டி எடுத்துக்கினு வந்து பலகையத் தூக்கினு போய்டுவேன்.”

அர்ச்சுனன் அம்மாவைப் பார்த்தான். “படம்தானே, வரும்” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து நடந்தாள். குட்டைப் பலகை மகன் தோளில் ஏறிப் போனது.

ஆடி போனது, ஆவணியும் போனது. மற்ற ஊர்க்காரர்கள் ஏரியில் சோளக்கொல்லை பொம்மை மாதிரி நின்று படம் அனுப்பிவிட்டார்கள். எதுவும் அட்டைப்படத்துக்குத் தேறவில்லை. அர்ச்சுனனிடமிருந்து மட்டும் மூச்சே இல்லை. குமரேசன் போன் போட்டுப் போட்டு அலுத்துப்போனான்.

“யோவ், ஏரிக்கு எடுத்துக்கினு போய் ஒருக்கா நின்னுதான் தொலையேன்.”

“ஏரி எதுக்கு சார்? மழை வரட்டும்.”

“அதுவரைக்கும் பலகைய இன்னா பண்ற?”

“வூட்டுப் பரண் மேல பத்தரமா இருக்குது சார்.”

அலைக்காக மலையில் காத்திருக்கும் மனிதன் என்று அலுவலகமே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. தீபாவளி முடிந்ததும் வண்டியை அனுப்பிப் பலகையை எடுத்துவிடுவது என்று குமரேசன் முடிவு செய்தான்.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. திருப்பத்தூர் வீட்டில் சூடான பஜ்ஜியை ஊதிக்கொண்டிருந்தவனின் போன் சிணுங்கியது. அர்ச்சுனன் படம் அனுப்பியிருந்தான்! நிற்கிறானா என்று ஆவலோடு பெரிதாக்கிப் பார்த்தான்.

பலகையின் மேல் ஒருவரும் நிற்கவில்லை. செம்மண் நிறத்தில் காட்டாறு அலையடித்து ஓடியது. மார்பளவு தண்ணீரில் ஆண்கள் நாலு பக்கமும் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். தலைமாட்டில் அம்மாக்கண்ணு தார்ப்பாயைப் பிடித்திருந்தாள். எதிர்க்கரையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. பலகையின் மேல், அன்று அம்மாக்கண்ணு படுத்த அதே மாதிரி, நிறைமாத வயிற்றின் மேல் கைகளைக் கோத்துக்கொண்டு படுத்திருந்தாள் அர்ச்சுனனின் மனைவி பூவிழி.

படத்துக்குக் கீழே அர்ச்சுனனின் குரல் மூச்சு வாங்கியது.

“உங்க ஆளுங்ககிட்ட பாலம் கேட்டோம் சார், பலகைதான் இருக்குதுன்னாங்க. டோலி கட்டித் தூக்கினா இந்தத் தண்ணியில எங்க காலு நிக்காது. படம் சரியில்லன்னா வந்து பலகைய எடுத்துக்கங்க. ஆனா கொஞ்ச நாள் பொறுத்து வாங்க சார், போறப்ப ஒன்னரை ஆளு, திரும்பி வர்றப்ப ரெண்டு ஆளு.”