கெசியாவின் படங்கள்

மகள் கெசியாவின் படங்களைப் பத்திரப்படுத்த, டார்லினும் ரிச்சர்டும் பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு வந்திருந்தார்கள்.

"பிள்ளை படம் ஏத்தி வைக்கணும். கெட்டுப்போகாத ஹார்டு டிஸ்க் எது அண்ணாச்சி?" என்று டார்லின் கேட்டாள்.

"எல்லாமே ஒருநாள் கெட்டுப்போவும்மா. ரெண்டு வாங்கி, ரெண்டுலயும் ஏத்திக்கிடுங்க. ஒண்ணு வேற வீட்டுல இருக்கது நல்லது."

"வேற வீட்டுலதான் இருக்கும்" என்றான் ரிச்சர்ட்.

"பிள்ளை வளர வளர படமும் கூடும். பெருசா எடுங்க."

"சின்னதே போதும். அவ தவறி ஒரு வருசமாச்சு" என்றாள் டார்லின்.

கடைக்காரர் சின்னதில் இரண்டு எடுத்து, ஒரே பையில் போட்டார்.

"தனித்தனியா குடுங்க அண்ணாச்சி. இன்னைக்குக் கோர்ட்டுல எங்க விவாகரத்து முடிஞ்சிட்டு" என்று டார்லின் சொன்னாள்.

வெளியே வந்ததும் ரிச்சர்ட் தயங்கினான். "ஸ்ரீவைகுண்டம் பஸ்ல ஏத்திவிடட்டா?"

"வேண்டாம். உங்களப் பாத்தா அவ முகந்தான் தெரியுது."