தானாகவே புதுப்பிக்கப்படும்

"வாயைத் தெறந்தா முத்து உதிர்ந்துடுமாடி?" என்று கணக்கு டீச்சர் ஒருமுறை என்னைக் கேட்டார்.

அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வருடத்தோடு பள்ளிக்கூடமும் நின்றுபோனது.

அப்படிப்பட்ட என் கையில்தான் அம்மா போனைத் திணித்தாள்.

"நீயே பேசு. நான் பேசினா சண்டையாயிடுது."

காலையில் அவள் பேசி அப்படித்தான் ஆனது. அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். கோபம் வந்தால் அவளிடமிருந்தும் ஆவி பறக்கும். "மரியாதையாப் பேசுங்க" என்று சொல்லி எதிர்முனையில் இருந்தவன் வைத்துவிட்டான்.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. வாடகைக்கு வைத்திருந்த பணம் விடியும்போதே கணக்கிலிருந்து போயிருந்தது. அப்பாவின் மருத்துவக் காப்பீடு தானாகவே புதுப்பிக்கப்பட்டுவிட்டது, எங்கள் நம்பிக்கைக்கு நன்றி என்று செய்தி வந்திருந்தது.

நம்பிக்கை போன மாதமே போய்விட்டது.

அப்பா பெயிண்டர். அவர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, பெயிண்ட் நெடியால் வந்த நெஞ்சு நோய் தொழிலால் வந்த நோய், அது பாலிசியில் சேராது என்று கம்பெனி கையை விரித்துவிட்டது.

"சேராத நோய்க்கு இனிமே எதுக்குப் பணம்? இன்னைக்கே நிறுத்தச் சொல்லு. அதுல பிடிச்சோம் இதுல பிடிச்சோம்னு சொல்லாம முழுசாத் திருப்பித் தரச் சொல்லு."

ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

வெகுநேரம் இசை. பிறகு ஒரு பெண் குரல். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"பாலிசி சார் பேர்லதானேம்மா இருக்கு? அவர்கிட்டக் கொடுங்களேன்."

வேண்டாம் என்று அம்மா வேகமாகத் தலையாட்டினாள்.

நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்கு நன்றாக வரும்.

அந்தப் பெண் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். குரல் தணிந்தது.

"சார் தவறிட்டாராம்மா?"

தவணையைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். தவணை தவறினால் அப்படி, தவணை தவறினால் இப்படி என்றுதான் அவர்களிடமிருந்து செய்தி வரும்.

"ஆமாங்க. ரெண்டு தடவை தவறிட்டார்."

மறுமுனையில் கீபோர்டைத் தட்டும் சத்தம் நின்றது.

"ரெண்டு தடவையா?"

"ஆமாங்க. அதுக்கப்புறந்தான் அம்மா கணக்குலேர்ந்து தானா எடுக்கற மாதிரி மாத்தினோம்."

அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த வீட்டுக்குள் வந்த முதல் சிரிப்பு.

"ஐயோ, அதில்லம்மா. சார் உயிரோட இருக்காரான்னு கேட்டேன்."

திரைக்குப் பின்னால், உள்ளறையில், அப்பா இருமினார். இழுத்து இழுத்து, அடியிலிருந்து கிளம்பும் இருமல்.

"இருக்கார்" என்றேன்.

அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். அப்படியென்றால் சாரே ஒருநாள் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், கால்வாசி பிடித்தம் போக மீதி வரும் என்றாள்.

அம்மா மேசைக்கு அடியில் என் காலை உதைத்தாள்.

"முழுசா வர வழியே இல்லைங்களா?"

"வழின்னா..." அவள் தயங்கினாள். பிறகு, எதையோ பார்த்துப் படிக்கிற குரலில் சொன்னாள். "புதுப்பித்த முப்பது நாட்களுக்குள் பாலிசிதாரர் இறந்து, சான்றிதழ் சமர்ப்பிக்கப்பட்டால் மட்டும் பிடித்தம் இல்லை. அது உங்களுக்கு எதுக்கும்மா, விடுங்க."

அம்மா போனை நோக்கிக் குனிந்தாள்.

"முப்பது நாள்னா, எந்தத் தேதி வரைக்குங்க?"

அவள் குரலில் கெடுதல் எதுவும் இல்லை. அம்மா எதற்கும் கடைசித் தேதி கேட்கிறவள். கரண்ட் பில்லுக்குக் கேட்பாள், மருந்து அட்டையைத் திருப்பிப் பார்த்துக் கேட்பாள், துணி போட வருகிறவர்களிடம் என்றைக்குள் வேண்டும் என்று கேட்பாள். அதே குரலில் வாய் தன்பாட்டுக்குக் கேட்டுவிட்டது.

கேட்ட பிறகுதான் அவள் முகம் வெளுத்தது.

இனி அதிக நாள் இல்லை என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் எங்கள் இருவரிடமும் சொன்னதை, நாங்கள் அப்பாவிடம் சொல்லியிருக்கவில்லை. வெயில் வந்தால் நெஞ்சு இளகிவிடும், அப்புறம் வேலைக்குப் போகலாம் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம்.

அந்தப் பெண் தேதியைச் சொன்னாள். ஸ்பீக்கரில் அது வீடு முழுக்கக் கேட்டது.

உள்ளே இருமல் நின்றிருந்தது.

போனை அணைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் திரை விலகியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றார்.

"என்னங்க..." என்றாள் அம்மா.

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் இல்லை. புதுச் சுவரை எந்த மூலையிலிருந்து ஆரம்பிப்பது என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை.

ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். செருப்பை மாட்ட வெகுநேரம் ஆனது. எழுந்து உதவ எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை.

சுவர்க் காலண்டரில் அந்தப் பெண் சொன்ன தேதியை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.