விட்டு விலகியவன்

அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கொடியில் துணி காயப்போட முக்காலியில் ஏறிய ஹெஸ்டர் கால் இடறி விழுந்தபோது, அவளுடைய புருஷன் அமோஸ் எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் நின்றிருந்தான்.

பிடிக்கவில்லை.

இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டான்.

ஈரத்துணியோடு அவள் கல்தரையில் விழுந்தாள். மணிக்கட்டு பிசகிய சத்தம் அவனுக்கே கேட்டது. தூக்கிய கைகளை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றான், மடையன்.

கண்ணாடி ஆலைகள் நிறைந்த செயின்ட் ஹெலன்ஸில், அவனைப் போலக் கண்ணாடி சுமக்கிற எவனும் அப்படித்தான் செய்திருப்பான். கடை முகப்புகளுக்குப் போகிற பெரிய கண்ணாடிப் பலகையை எட்டுப் பேர் தோல்வாரில் தாங்கி, கால் மாறாமல் நடப்பார்கள். விரிசல் என்று ஒருத்தன் கத்திவிட்டால் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு விலகிவிட வேண்டும். கண்ணாடி போனால் போகட்டும். பிடிக்கப் போனவனுக்குக் கை போகும், கழுத்தும் போகும்.

வருஷக்கணக்கில் அதிலேயே ஊறிய உடம்பு. அன்றைக்கும் விடிந்ததிலிருந்து சுமந்துவிட்டு, பூட்ஸைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல்தான் வந்திருந்தான்.

ஆனால் இதையெல்லாம் எந்த வாயால் அவளிடம் சொல்வது? கட்டிக்கொண்டவள் விழுகிறாள், கட்டிக்கொண்டவன் விலகி நிற்கிறான். இனி இவனை நம்பி எப்படிக் குடித்தனம் நடத்துவாள்? வெட்கத்தில் அவனுக்குத் தலை நிமிரவில்லை.

மண்டியிட்டு அவளை மெல்ல உட்காரவைத்தான்.

"கையக் காட்டு. நான் வேணும்னு செய்யல, ஹெஸ்டர்."

அவள் கையைக் காட்டவில்லை. வலியில் உதடு வெளுத்திருந்தது. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலையிலயும் இப்படித்தான் விட்டுட்டு நகந்துடுவியா?"

தலையாட்டினான்.

"யோசிக்காம?"

"யோசிக்காமதான்."

நல்ல கையால் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, தோளில் முகம் புதைத்து அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் வெளியே வருகிற மாதிரி அழுதாள்.

"ஜெப் விடலய்யா. கண்ணாடியப் பிடிக்கப் போனான்."

செத்துப்போன முதல் புருஷனின் பெயரை அந்த வீட்டில் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.